நாவலும் திரைப்படமும்

புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைப்படமாக வெளிவருகின்றது. நண்பர் இருவர் அதனைக் காணச் செல்கின்றனர். ஒருவர் அந்நாவலைப் பலமுறை படித்துத் திளைத்தவர். மற்றவர் அதன் பெயரை மட்டும் அறிந்தவர். காட்சி முடிந்து அரங்கினின்று வெளியே வரும்போது படிக்காதவர் முகத்தில் மகிழ்ச்சி பொலிகின்றது; படித்தவர் முகமோ வாடியிருக்கின்றது. "ஏன், படம் நன்றாகத்தானே இருந்தது?" என்று வினவுகின்றார் படிக்காதவர். "நன்றாகத்தான் இருந்தது; ஆனால் அது இல்லை" என்று விடையளிக்கின்றார் படித்தவர். 'அது' என்று அவர் சுட்டியது யாது? அதனை விளக்கச் சொன்னால் அவரே சொல்லின்றித் தடுமாறுகின்றார். குறை படத்தில் உள்ளதா, படித்தவர் உள்ளத்தில் உள்ளதா என்பது எளிதில் தீர்ப்புக் கூறத்தக்க வழக்கன்று. எனினும் அவ்வழக்கை ஆராய்ந்து பார்த்தல், நூலைச் சுவைப்பதற்கும் படத்தைச் சுவைப்பதற்கும் ஒருங்கே துணைசெய்யும்.

நாவலுக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் நேற்று இன்று தோன்றியதன்று. தமிழ் பேசும்படம் 1931ஆம் ஆண்டில் பிறந்தது. அது பிறந்த நான்கு ஆண்டுகளில், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாடகமேடை வழியாகத் திரைக்கு வந்துவிட்டது. 1939ஆம் ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' வெளிவந்தது. அதன் கதையைக் கல்கி 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதியபோது, ஓவியங்களுக்கு மாறாகப் படத்தின் காட்சிகளே பக்கங்களை அணிசெய்தன. கதையும் படமும் கைகோத்து நடந்த அருங்காட்சி அது. அன்று தொட்டு இன்றுவரை எத்தனையோ நாவல்கள் திரை ஏறியுள்ளன. ஆயினும், நூலைப் படித்தவரும் படிக்காதவரும் ஒருங்கே நிறைவு கொண்ட படங்கள் அவற்றுள் சிலவே. அதற்குரிய காரணங்கள் நான்கு.

முதற் காரணம் அளவு. நாவல் ஆறு போன்றது. திரைப்படம் குடம் போன்றது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டில் தொடங்கி 1954ஆம் ஆண்டுவரை வாரந்தோறும் வெளிவந்தது. ஐந்து பாகங்களாக விரிந்தது. 1958ஆம் ஆண்டில் எம். ஜி. ஆர். அதனைப் படமாக்க முற்பட்டார்; அம்முயற்சி கைகூடவில்லை. இறுதியில் மணிரத்னம் அதனை இரு பகுதிகளாக்கி 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைக்குக் கொணர்ந்தார். இரு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. திரைப்பட வழக்கில் இது நீண்ட பொழுதே. எனினும், மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வளர்ந்த கதைக்கு ஐந்தரை மணி நேரம் எம்மட்டு? நாவலில் மதுராந்தகரின் பிறப்பைச் சூழ்ந்த மறைபொருளும், பூக்கட்டும் சேந்தன் அமுதனின் உண்மை நிலையும் கதையின் முடிவையே திருப்புகின்றன. படத்தில் அந்த இழை எடுக்கப்பட்டுவிட்டது. படித்தவர் பலர் இதனைப் பெருங்குறையாகக் கருதினர். ஆனால் அந்த இழையைப் படத்தில் சேர்க்க வேண்டுமாயின், அதனிடத்தில் வேறு எதனை நீக்குவது என்னும் வினாவிற்கும் அவர்கள் விடை கூறியாகவேண்டும்.

எதனையும் நீக்காமல் படமெடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறு எண்ணிய கலைஞர் ஒருவர் உலகில் இருந்தார். அவர் பெயர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் நாரிஸ் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மெக்டீக்' என்னும் நாவலை, 'கிரீட்' என்னும் பெயரால் அவர் மௌனப் படமாக்கினார். நாவலின் நிகழ்ச்சிகளையெல்லாம் விடாது படம்பிடிக்க முற்பட்டார். கதை நிகழும் மரணப் பள்ளத்தாக்கின் கொடும் வெயிலிலேயே நடிகரை நடிக்கச் செய்தார். முதலில் அவர் தொகுத்த படம் 42 சுருள்கள். அதனைப் பார்த்து முடிக்க ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். அதனை மக்கள் முன் காட்டுவது எவ்வாறு? படம் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டு, 1924ஆம் ஆண்டில் பத்துச் சுருள்களாக வெளிவந்தது. நீக்கப்பட்ட பகுதிகள் அழிந்தே போயின. எஞ்சிய பகுதியையே உலகம் இன்றும் உயர்ந்த படைப்பென்று போற்றுகின்றது. ஆனால் எதனையும் விடமாட்டேன் என்ற கலைஞர், எதனை விடுவது என்று முடிவு செய்யும் உரிமையையே பிறரிடம் இழந்தார். தாமே தேர்ந்து விடுவது கலை. பிறர் வெட்டி எறிவது விபத்து. இவ்வுண்மையை அப்படத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

இரண்டாம் காரணம் மனம். நாவலாசிரியர் நினைத்த மாத்திரத்தில் ஒருவரது நெஞ்சத்தினுள் நுழைந்துவிடுகின்றார். 'அவள் சிரித்தாள், உள்ளம் மட்டும் அழுதது' என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். படக்கருவியோ முகத்தின் வாயிலில் நின்றுவிடுகின்றது. சிரிப்பை அது காட்டும்; உள்ளத்து அழுகையை அச்சிரிப்பின் ஊடேதான் காட்ட வேண்டும். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலில் கங்காவின் நினைவோட்டமே கதையை நடத்திச் செல்கின்றது. அதனை ஆ. பீம்சிங் படமாக்கியபோது, ஜெயகாந்தனே திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். நூலை எழுதிய கையே படத்திற்கும் எழுதியது. அங்ஙனமிருந்தும், பக்கம் பக்கமாக விரிந்த எண்ணங்களைத் திரையில் தாங்கி நிற்கும் பொறுப்பு ஒரு நடிகையின் கண்களுக்கும் மௌனத்திற்கும் வந்து சேர்ந்தது. அப்பொறுப்பை ஏற்று நிறைவேற்றிய இலட்சுமி, இந்திய அரசின் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். நாவலில் சொல் செய்த தொழிலைப் படத்தில் முகம் செய்தது. அத்தகைய முகம் வாய்க்காத இடங்களில், பாத்திரங்கள் தம் மனத்தை வாயால் நெடிது பேசத் தொடங்குகின்றன, படம் சொற்பொழிவாகிவிடுகின்றது.

மூன்றாம் காரணம் குரல். நல்ல நாவல் ஒவ்வொன்றிலும் கதை மாந்தரைத் தவிர மற்றொருவரும் உலவுகின்றார். அவர்தாம் கதை சொல்பவர். கல்கியின் நூல்களில் அவர் வாசகரைத் தோழரைப்போல் அழைத்துச் செல்வார், இடையே நகைப்பார், ஓரிடத்தில் கதையை நிறுத்திவிட்டு, வேறோரிடத்தில் நடப்பதைப் பார்த்து வருவோம் என்று கையைப் பிடித்து இழுப்பார். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் காட்சியைத் திரையில் காட்டிவிடலாம். ஏரியும் குதிரையும் வீரனும் கிடைப்பர். ஆனால் அக்காட்சியைக் கூறிய குரலின் குறும்பும் கனிவும் எங்கே கிடைக்கும்? 'அது இல்லை' என்று படித்தவர் வருந்தும்போது, பெரும்பாலும் அவர் தேடுவது விடுபட்ட நிகழ்ச்சியை அன்று. பழகிய அந்தக் குரலையே ஆகும்.

நான்காம் காரணம் படிப்பவரிடமே உள்ளது. நாவலைப் படிக்கும்போது ஒவ்வொருவரும் தம் மனத்திரையில் ஒரு படம் எடுத்துவிடுகின்றனர். நூலாசிரியர் இரண்டு மூன்று கோடுகளை மட்டும் வரைகின்றார். எஞ்சியவற்றைப் படிப்பவரே தம் அனுபவத்தால் நிரப்புகின்றார். குந்தவையின் முகத்திற்கு ஒருவர் தம் தமக்கையின் சாயலைத் தந்திருப்பார். மற்றொருவர் கோயிற் சிற்பம் ஒன்றின் அமைதியைத் தந்திருப்பார். பதினாயிரம் வாசகர் உள்ளத்தில் பதினாயிரம் குந்தவையர் உளர். திரையில் தோன்றுபவரோ ஒருவரே. அவர் எத்துணைச் சிறப்பாக நடிப்பினும், அத்தனை பேர் உள்ளத்துக் குந்தவையராகவும் ஆதல் இயலாது. ஆகவே, படித்தவர் அடையும் ஏமாற்றத்தில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. அதனை இயக்குநரின் குற்றமாகக் கொள்ளுதல் நடுவுநிலைமையாகாது.

இவ்வளவு தடைகள் இருக்கும்போது நாவலைப் படமாக்குவது வீண்முயற்சி என்று முடிவு செய்யலாமோ? கூடாது. நாவலால் இயலாத செயல்கள் திரைப்படத்தால் இயலும். கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' என்னும் கதையை 1957, 1958ஆம் ஆண்டுகளில் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதினார். நாகசுர வித்துவான் ஒருவருக்கும் நாட்டிய மங்கை ஒருத்திக்கும் இடையே மூளும் கலைப் போட்டியும் காதலும் அதன் பொருள். நாகசுரம் முழங்கியது என்று எழுதலாம். கேட்டோர் மெய்ம்மறந்தனர் என்றும் எழுதலாம். ஆனால் அச்செழுத்தினின்று நாதம் எழாது. 1968ஆம் ஆண்டில் ஏ. பி. நாகராசன் அதனைப் படமாக்கியபோது, மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தாரின் நாகசுரம் திரையரங்கை நிறைத்தது. சிவாசி கணேசனின் விரல்களும் கன்னங்களும் அந்நாதத்திற்கு உருவம் தந்தன. பத்மினியின் சதங்கை அதற்கு எதிர்மொழி கூறியது. தொடரில் வந்த நிகழ்ச்சிகள் பல படத்தில் இல்லை. ஆனால் தொடரைப் படித்தவர் கற்பனையில் மட்டும் கேட்ட இசை படத்தில் உண்டு. இழந்ததற்கு ஈடாகப் புதியதொன்றைத் தந்தமையால் அப்படம் மக்கள் நெஞ்சில் நிலைத்தது.

நாவலைப் படமாக்கும் கலையின் உள்ளியல்பை அறிய விரும்புவோர்க்குச் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயர் வங்கமொழியில் எழுதிய அந்நாவல் 1929ஆம் ஆண்டில் நூலாயிற்று. வறுமையில் உழலும் புரோகிதர் ஹரிஹரர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அபு, அவர்களை அண்டி வாழும் மூதாட்டி இந்திர் டாக்ருண் ஆகியோரின் வாழ்வே அதன் கதை. ராய் அந்நாளில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றினார். அந்நாவலின் சுருக்கப் பதிப்பிற்குப் படம் வரையும் பணி அவரிடம் வந்தது. ஓவியத்திற்காகக் காட்சிகளைத் தேர்ந்த கண்ணே, பின்னர்த் திரைக்காகவும் தேர்ந்தது. 1952ஆம் ஆண்டில் படப்பிடிப்புத் தொடங்கியது. கைப்பொருள் தீர்ந்து பணி பலமுறை நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் நிறைவுற்று, 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அப்படத்தில் ராய் நாவலைப் பல இடங்களில் மாற்றியுள்ளார். நாவலில் மூதாட்டி இந்திர், அபு சிறு குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிடுகின்றாள். படத்தில் அவள் நெடுநாள் வாழ்கின்றாள். நாவலில் துர்காவும் அபுவும் இரயிலைக் காண வேண்டுமென்னும் ஆசையால் புறப்பட்டு, வழி தவறி, காணாமலே வீடு திரும்புகின்றனர். படத்தில் வெண்பூப் பூத்த நாணற்காட்டின் ஊடே அவர்கள் ஓடுகின்றனர். துர்கா இடையில் தடுக்கி விழுகின்றாள். அபு முந்திச் செல்கின்றான். கரும்புகை கக்கிக்கொண்டு இரயில் விரைந்தோடுகின்றது. அவ்வியப்புடன் இருவரும் திரும்பும் வழியில், மூங்கிற் புதரின் அருகே அமர்ந்திருக்கும் மூதாட்டியைக் காண்கின்றனர். துர்கா விளையாட்டாக அவளைத் தொட்டு அசைக்கின்றாள். உயிரற்ற உடல் சாய்கின்றது. வாழ்வின் பெருவியப்பும் சாவின் முதல் அறிமுகமும் ஒரே நாளில் அப்பிள்ளைகளை வந்து அடைகின்றன. நாவலில் இவ்விரண்டும் இவ்வாறு இணையவில்லை. எனினும், நாவல் முழுவதும் நிகழ்வது இதுவேயன்றோ? சிறுவன் ஒருவன் உலகின் அழகையும் துயரையும் ஒருங்கே கற்றுக்கொள்வதே அதன் உயிர்நிலை. நூலின் நிகழ்ச்சியை மாற்றிய ராய், நூலின் உயிரை மாற்றவில்லை.

மற்றொரு காட்சியும் கருதத்தக்கது. வெளியூர் சென்று நெடுநாள் கழித்துத் திரும்பும் ஹரிஹரர், தாம் வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றார். மகளுக்கென வாங்கிய சேலையையும் நீட்டுகின்றார். அவள் நோயால் இறந்துவிட்டதை அவர் அறியார். சேலையைக் கையில் வாங்கிய சர்வஜயா அதனைப் பல்லால் கவ்விக்கொண்டு கதறுகின்றாள். ஆனால் அவள் அழுகுரல் கேட்பதில்லை. அதனிடத்தில் 'தார் ஷெனாய்' என்னும் நரம்புக் கருவியின் கூர்த்த ஓசை மட்டும் எழுகின்றது. தாயின் துயரைச் சொல்ல நாவலாசிரியருக்குச் சொல் கருவியாயிற்று. ராய் சொல்லையும் நீக்கினார், அழுகையின் ஒலியையும் நீக்கினார். கேட்பவர் உள்ளம் நடுங்குகின்றது. பின்னர், துர்கா திருடினாள் என்று பழி சுமந்த மணிமாலையை அபு வீட்டில் காண்கின்றான். அவள் இறந்தபின் அவள் குற்றம் வெளிப்படுகின்றது. அவன் ஒருவரிடமும் கூறாது அதனைக் குளத்தில் எறிகின்றான். பிளந்த பாசி மெல்ல மூடிக்கொள்கின்றது. தமக்கையின் மறையைக் குளமும் காத்தது, தம்பியும் காத்தான். இவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு சொல்லும் வேண்டியதில்லை. படத்தின் மொழி இதுவே.

இதனால் விளங்குவது யாது? நாவலைப் படமாக்குபவர் அதனைப் படியெடுப்பவர் அல்லர், மொழிபெயர்ப்பவரைப் போன்றவர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பொருளைக் கொன்றுவிடுகின்றார். பொருளை உணர்ந்தவரே தம் மொழியில் அதனை மீண்டும் பிறப்பிக்கின்றார். எழுத்தின் மொழியினின்று காட்சியின் மொழிக்குப் பெயர்ப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, 'எதனையெல்லாம் சேர்ப்பது?' என்பதன்று, 'எது இல்லாவிடின் இந்நூல் இந்நூலாகாது?' என்பதே. அவ்வொன்றைக் கண்டுகொண்டபின், அதற்குத் துணையாவன நிற்கும், ஆகாதன உதிரும்.

ஆயின், மாற்றும் உரிமை கட்டற்றதோ என்னும் ஐயம் எழலாம். அன்று. கலையின் தேவைக்காக மாற்றுதல் வேறு. கூட்டத்தின் கைத்தட்டலுக்காக மாற்றுதல் வேறு. துயரில் முடிய வேண்டிய கதையைத் திருமணத்தில் முடிப்பதும், கதைக்கு ஒவ்வாத சண்டையையும் ஆட்டத்தையும் நகைச்சுவையையும் இடையிடையே திணிப்பதும், எளிய மாந்தரைப் பகட்டாக்கிக் காட்டுவதும் உரிமையின் பாற்படா. நாவலின் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாக இட்டு அதன் வாசகரை அழைப்பவர், அவர்களிடம் ஒரு கடன் பெறுகின்றார். நூலின் உயிரைக் காட்டுவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. இயக்குநர் மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியாகக் கொண்டு 1979ஆம் ஆண்டில் 'உதிரிப்பூக்கள்' என்னும் படத்தை எடுத்தார். கதையை மிகுதியும் மாற்றிய அவர் படத்திற்கு வேறு பெயரே சூட்டினார். ஆயினும் வித்து எவருடையது என்பதை மறைக்காது புதுமைப்பித்தன் பெயரையும் குறித்தார். அது நேர்மையான வழி. வித்து ஒருவருடையதாகவும் மரம் மற்றொருவருடையதாகவும் இருக்கலாம்; மரத்தை வளர்த்தவர் வித்தைத் தந்தவரை மறவாதிருத்தல் வேண்டும்.

பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. 'படத்தைப் பார்த்துவிட்டேன், இனி நூல் எதற்கு?' என்று எண்ணும் இளைஞர் தமக்குத் தாமே பெருங்கேடு செய்துகொள்கின்றனர். படம் ஒருவர் கண்ட நாவல். படிப்பவர் காணவேண்டிய நாவல் இன்னும் நூலுக்குள்ளேயே உறங்குகின்றது. படத்தை மட்டும் கண்டவர், அதில் நடித்தவர் முகத்தையன்றி வேறு முகத்தைக் கற்பனை செய்யும் ஆற்றலை மெல்ல மெல்ல இழக்கக்கூடும். நூலைப் படித்தவரும், பக்கத்திற்குப் பக்கம் சரிபார்க்கும் கணக்கராகத் திரையரங்கினுள் செல்லுதல் வேண்டா. விடுபட்டவை எவை என்று எண்ணுவதினும், கிடைத்தது எது என்று நோக்குதலே சுவைஞர்க்கு அழகு. நூலின் உயிர் திரையில் துடிக்கின்றதா என்று அவர் கேட்கட்டும். துடிப்பின், நூறு மாற்றங்களையும் பொறுத்தருளலாம். துடியாவிடின், மாற்றமே இல்லாத படமும் வெற்றுடலே.

காவிரி முழுவதையும் ஒரு குடத்தில் முகந்துவிட ஒருவராலும் இயலாது. குடத்தில் அடங்காத காவிரியே பெரிது. எனினும், தூய கையால் முகந்த குடத்து நீரும் காவிரி நீரே. அது தாகத்தைத் தணிக்கும். அந்நீரின் சுவையறிந்தவர் அதனோடு நின்றுவிடார். ஆறு எங்கே என்று கேட்டு, அதன் கரையை நாடிச் செல்வர். அவ்வாறு செல்லத் தூண்டும் படமே நாவலுக்கு நன்றி செலுத்திய படமாகும்.